தெமூலனுக்கு முடி இறக்கியவன்

அருள்மணி யார் தலையில் கத்தி வைத்தாலும், முதலில் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பான். மரு, தழும்பு, சின்னக் கட்டி எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது. டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முடி எடுப்பது அவன் வேலை. அவன் மழித்த தலையில் கீறலைப் பார்த்ததாக எந்த டாக்டரும் சொன்னதில்லை. தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபின் அக்கா அம்பிகாவோடு ஊர்க்கோடியில் நரேலாவுக்குக் குடிபோனான். அவ்வளவு தூரத்திலிருந்து பனியில் பஸ் மாறி வந்தாலும் ஒரு நாள் தாமதித்தது கிடையாது.

அந்த ஜனவரியில் குழந்தைகள் வார்டில் தெமூலன் என்ற மங்கோலியப் பையன் இருந்தான். தலைக்குள் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். அருள்மணி பெட்டியோடு போய் நின்றதும் பையனின் அம்மா ஓயுனா பிள்ளையை அணைத்து, அவன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி முதுகு வரை தொங்கியது.

"காலையிலேர்ந்து இதே கதைதான் அண்ணே," என்றாள் நர்ஸ் ப்ரீதா. "ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டுட்டா. முடியை மட்டும் தொட விட மாட்டேங்குறா."

துணைக்கு வந்திருந்த நோமின் டெல்லியில் படிக்கிற மங்கோலியப் பெண். அவள் இந்தியில் விளக்கினாள். ஓயுனாவின் குடும்பம் ஆடும் குதிரையும் மேய்த்து, பருவத்துக்குப் பருவம் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிற குடும்பம். பிள்ளையின் முதல் முடியைச் சொந்தபந்தம் கூடித்தான் எடுப்பார்கள். ஆண் பிள்ளைக்கு ஒற்றைப்படை வயதில்தான் எடுப்பார்கள். வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து எண்ணினால் தெமூலனுக்கு இப்போது நாலு. அடுத்த மாதம் அவர்கள் புத்தாண்டு பிறந்தால் ஐந்து. பனிக்காலத்தில் மந்தையை விட்டுவிட்டு அப்பாவால் வர முடியவில்லை.

"அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதான்னு கேக்கறாங்க, அண்ணா."

ஒரு வாரம்கூடப் பொறுக்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

அருள்மணிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நம்ம பக்கமும் ஒத்தப்படையிலதானே இறக்குவோம்," என்று ப்ரீதாவிடம் சொல்லிவிட்டுச் சவரக்கத்தியைப் பெட்டிக்குள் வைத்தான். முதலில் யார் வெட்ட வேண்டும் என்று நோமினைக் கேட்டான்.

அவர்கள் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மிருகத்தின் பெயர்; பையன் பிறந்தது புலி ஆண்டில். புலிக்கு இணக்கமான குதிரை ஆண்டிலோ நாய் ஆண்டிலோ பிறந்தவர்தான் முதலில் வெட்டலாம். நோமின் போனில் தேடிக்கொண்டே அவன் பிறந்த வருஷத்தைக் கேட்டாள்.

"எண்பது. ஆதார்ல அப்படித்தான் இருக்கு."

நோமின் முகம் வாடிவிட்டது. எண்பது குரங்கு. புலிக்கு நேர்ப் பகை.

அருள்மணி அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நான் நெசமா எந்த வருஷம் பொறந்தேன்?"

"இன்னாத்துக்குடா? இந்த வயசுல உனுக்கு எவன் பொண்ணு குடுக்கறானாம்?"

"ஜல்தி சொல்லுக்கா."

"எண்பத்திரண்டு ஐப்பசி, அடைமழை. ஸ்கூல்ல சேக்கறப்ப அப்பாதான் ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிட்டாரு. உன்னை இடுப்புல தூக்கினு திரிஞ்சவ நானு. எனுக்குத் தெரியாதா?"

எண்பத்திரண்டு நாய். நோமின் அதைச் சொன்னதும் ஓயுனா முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுத்தாள். "ஆள் சரி, வயசு தப்பு. பரவாயில்ல, செய்யுங்கன்னு சொல்றாங்க," என்றாள் நோமின்.

"நம்மூர்ல தாய்மாமன் மடியில உக்கார வைப்பாங்க. இங்க நாய் மாமன் மடி," என்றாள் ப்ரீதா. அருள்மணிகூடச் சிரித்துவிட்டான்.

தன் கத்திரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தான். ஓயுனா பையிலிருந்து நீலப் பட்டுத்துணியை எடுத்து அதன் பிடியில் கட்டினாள். பையனை மடியில் வைத்து, தலையைத் தடவி, காதோரம் ஒரு கொத்தை வெட்டினான் அருள்மணி. அடுத்து ப்ரீதா, பிறகு நோமின், கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா. வெட்டுகிறவர்கள் பிள்ளையை வாழ்த்தி ஏதாவது கொடுக்க வேண்டும். அவர்கள் நாட்டில் ஆட்டுக்குட்டி கொடுப்பார்களாம். ப்ரீதா ஒரு ஆரஞ்சு கொடுத்தாள். அருள்மணி தன் சீப்பைக் கொடுத்து, "மறுபடி வளந்ததும் சீவிக்கடா," என்றான். முடி முழுவதையும் நீலத்துணியில் முடிந்தபிறகே ஓயுனா தலையசைத்தாள். அவன் சவரக்கத்தியை எடுத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு தெமூலன் கண் திறக்கவில்லை. அருள்மணி தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய், கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினான். உள்ளே போகப் பயம். இரட்டைப்படை வயதில் கத்தி வைத்த கை இது என்று ஓயுனா நினைத்துவிட்டால்? ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ப்ரீதா வந்து, "முடிஞ்சுபோச்சு அண்ணே," என்றாள்.

அவன் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு நேராக சரோஜினி நகருக்குப் போனான். விலை பேசாமல் ஒரு வெள்ளைத் துணி வாங்கினான். சாவுக்குக் கோடி எடுத்து வர வேண்டியவன் தாய்மாமன்.

பிணவறை வாசலில் விமானத்தில் ஏற்ற வேண்டிய பெட்டி திறந்தபடி இருந்தது. நோமின் இன்னும் வந்து சேரவில்லை. இது என்ன துணி, இவன் ஏன் கொண்டுவந்தான் என்று ஓயுனாவுக்குச் சொல்ல ஆளில்லை. அவன் இரண்டு கையாலும் நீட்டினான். பெட்டிக்குள் பார்வை போயிற்று. அவன் மழித்த தலையில் கறுப்பாக முளைவிட்டிருந்தது, நெல் நாற்றங்கால் போல.

ஓயுனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மரியாதையோடு வலது முழங்கையை இடது கையால் தாங்கித் துணியை வாங்கினாள். விரித்து, பிள்ளையின் தலையிலிருந்து கால் வரை போர்த்தினாள்.

அவனிடம் முடி கொடுத்துவிட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பியதில்லை. அதற்கெல்லாம் அவன் குளித்ததில்லை. அன்று நரேலாவில் மாடிப்படி ஏறாமல், கீழே குழாயடியில் நின்றபடி அக்காவைக் கூப்பிட்டான்.

அம்பிகா எட்டிப் பார்த்தாள். "பச்சைத் தண்ணியை ஊத்திக்காதடா, வெறைச்சுப் போயிடுவ," என்றாள். வெந்நீர் வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்தாள்.