பாஸ்வேர்டெல்லாம் அண்ணன்கிட்ட இருக்கு

அக்கா வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்கிறார் என்றால், ஒன்று குலதெய்வம் கோயிலுக்குக் கூப்பிடுவார், இல்லையென்றால் அவருடைய கம்ப்யூட்டர் படுத்திருக்கும். நான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். அவர் கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்று போர்டில்தான் இருக்கிறது. வருகிற கூட்டமெல்லாம் ஆன்லைன் விண்ணப்பத்துக்குத்தான்.

அன்றைக்கு வந்தது இரண்டாவது ரகப் போன்.

"மச்சான், பென் டிரைவ் சொருவுனா ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிப் போவுது. அது கெடக்கட்டும், கிளிக் பண்ணா தொறக்குது. ஆனா ஒரு பொண்ணோட மெயிலு பூட்டிக்கிச்சி. பாஸ்வேர்டு மாத்திக் குடுத்தேன். திரும்பப் பூட்டிக்கிச்சி. திரும்ப மாத்துனேன்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல மாத்துனீங்க மாமா?"

"இதுலதான். வேற எங்க போவச் சொல்ற?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்குள் திருடனை உட்காரவைத்துக்கொண்டு, அவன் கண்ணெதிரில் புதுப் பூட்டு மாட்டிச் சாவியையும் காட்டியிருக்கிறார். "நெட் ஒயரப் புடுங்கிட்டு சும்மா உக்காருங்க, வர்றேன்" என்று கத்திவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன்.

மாமாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெயில் ஐடி இல்லாமல் வருகிறவர்களுக்கு அவரே ஒன்றை உண்டாக்கிக் கொடுப்பார். பாஸ்வேர்டும் அவரே வைப்பார்: வந்தவரின் பெயர், அதையொட்டிக் கடையின் பெயர், கடைசியில் ஒன்று இரண்டு மூன்று. மறந்துவிடக் கூடாது என்று பிரவுசரிலேயே சேமித்தும் வைத்துக்கொள்வார். ஆட்கள் அடிக்கடி சிம் மாற்றுவதால் ஓடிபி வரவேண்டிய நம்பர் எல்லாருக்கும் மாமாவின் நம்பர்தான். யாரிடம் கேட்டாலும் "பாஸ்வேர்டெல்லாம் அண்ணன்கிட்ட இருக்கு" என்பார்கள். அதைக் கேட்கும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஊர் நாட்டாமை தோற்றுப்போவார்.

நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஜனங்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு இதுவும் ஒரு சாவி. நம்பிக்கையான ஒருவரிடம் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அந்த ஒருவரின் கம்ப்யூட்டரை யார் நம்புவது என்ற கேள்வி அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நர்சிங் முடித்தவள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகி, சேரும் தேதி மெயிலில் வர வேண்டிய நேரம். பக்கத்தில் அவளுடைய அம்மா. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு நேராகக் கடைக்கு வந்திருந்தார். பெண்ணின் போனில் ஓடிக்கொண்டிருந்த மெயில் திடீரென்று பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்ததும்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டரைத் திறந்து, மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நினைத்த மாதிரியே புழு. வைரஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இது வேறு ஃபைலில் ஒட்டிக்கொள்ளாமல், தன்னைத் தானே நகலெடுத்துப் பரவுகிற சாதி. பென் டிரைவில் இருக்கும் நிஜ ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். நாம் அதைக் கிளிக் செய்தால் முதலில் புழு ஓடும், பிறகு மரியாதையாக நிஜ ஃபோல்டரையும் திறந்து காட்டும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்ளே போனதும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானும் எழுந்திருக்க ஏற்பாடு செய்துகொள்ளும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளும். புதிதாகத் தட்டுகிற எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, நெட் கிடைத்ததும் எங்கோ இருக்கும் எசமானுக்கு அனுப்பிவைக்கும். பிறகு அடுத்த பென் டிரைவுக்காகக் காத்திருக்கும். இவ்வளவும் செய்துகொண்டே ஒரு சத்தம் போடாது. அதன் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

சிதம்பரத்தில் தயார் செய்து கொண்டுவந்திருந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினேன். அதன் சொந்த விண்டோஸ் எழுந்தால் புழுவும் கூடவே எழுந்துவிடும் என்பதால் இப்படி. ஸ்கேன் ஓடியது, பிடித்தது, அழித்தேன். மேசையில் கிடந்த பென் டிரைவுகளையும் சோதித்து ஒதுக்கிவைத்தேன். தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் இடத்தில் அது விட்டுப்போன வரிகளையும் நீக்கினேன். பழையபடி விண்டோஸை எழுப்பிவிட்டு, "முடிஞ்சிது மாமா" என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன். அவரும் சந்தோஷமாக, யாருக்கோ பிரிண்ட் எடுக்க ஒரு பென் டிரைவைச் சொருகி ஃபோல்டரைக் கிளிக் செய்தார். மறுபடியும் ஷார்ட்கட்.

கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பென் டிரைவ் அது. சொந்தமாக பென் டிரைவ் இல்லாதவர்களின் ஃபைல்களைப் போட்டுவைக்கிற, கடையின் பொது பென் டிரைவ். யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்று மாமா கட்டிவைத்திருந்தார். ஊரிலிருக்கும் கம்ப்யூட்டருக்கெல்லாம் போய்வரும் டிரைவுகளைச் சோதித்த நான், கட்டிப்போட்டதைப் பார்க்கவில்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்ததும் டீ சொல்லப் போய்விட்டார்.

இனி அரைகுறை வேலை வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஆவணங்களையும் போட்டோக்களையும் மட்டும் தனியே எடுத்துச் சோதித்துக்கொண்டு, மொத்தத்தையும் துடைத்துப் புது விண்டோஸ் போட ஆரம்பித்தேன். கடையில் கிடந்த ஒவ்வொரு பென் டிரைவிலும் ஷார்ட்கட்டுகளை அழித்து ஒளிந்திருந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவந்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் மெயிலை அவளுடைய போனிலேயே மீட்கப் பார்த்தோம். நல்லவேளை, திருடன் மீட்பு நம்பரை மாற்றியிருக்கவில்லை. ஓடிபி மாமாவின் போனுக்கு வந்தது. அவள் யாருக்கும் காட்டாமல் புதுப் பாஸ்வேர்டு வைத்தாள். மற்ற இடங்களில் அந்த மெயில் திறந்திருந்தால் அதையெல்லாம் மூடச் சொன்னேன். மீட்பு நம்பரையும் அவளுடையதாக மாற்றினாள்.

மெயில் திறந்தது. அவள் படித்தாள். போனை மடியில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

திருடன் அவள் பெயரில் 'சான்றிதழ்' என்று ஒரு ஃபைலை, அவள் மெயிலில் இருந்த எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான், அந்த மருத்துவமனைக்கும் சேர்த்து. அது ஆபத்தான ஃபைல் என்று அங்கே பிடித்துவிட்டார்கள். உங்களிடமிருந்து தீங்கான கோப்பு வந்துள்ளது, விளக்கம் வரும்வரை உங்கள் நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

"நான் அனுப்பலைன்னு சொன்னா நம்புவாங்களாண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

வெறும் வாய் வார்த்தையை நம்ப மாட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இது நடந்தது, அதை என்ன செய்தோம் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒருவேளை நம்பலாம். அதைச் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடப் பேரு போட்டா?"

"கடப் பேரு போட்டுத்தான்."

"மச்சான், இது வெளிய தெரிஞ்சா நாளைக்கி எவன் இங்க வருவான்?" குரல் ரொம்பத் தணிந்திருந்தது. அவருக்கு அந்தக் கடையை விட்டால் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். என் அக்கா சாப்பிடுவதும் அதில்தான். அந்த நிமிடம் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா எழுந்தார். "வுடும்மா. அண்ணன் பேரு கெட வேணாம். எத்தன வருசமா நமக்கு எழுதிக் குடுக்குறாரு. வேற ஆஸ்பத்திரி பாத்துக்கலாம், வா" என்று மகளின் கையைப் பிடித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை, மனதாரச் சொன்னார்.

மாமா மேசை இழுப்பறையைத் திறந்து கடை லெட்டர் பேடை எடுத்தார். கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்ததால் பேனாவால் எழுதினார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் கணினியில் வைரஸ் தாக்கியதால் என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

"அதுவா வந்து தாக்குன மாதிரி இருக்குதே. எங்க அஜாக்கிரதையாலன்றதுக்கு இன்னா எழுதணும்?"

சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டு, கடையின் ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்தினார். பெண் அதைப் போட்டோ எடுத்துத் தன் விளக்கத்தோடு அனுப்பினாள்.

அடுத்து வந்த நாட்களில் மாமா தன் வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றவைத்தார். ஒருவர் கன்னாபின்னாவென்று ஏசினார். சிலர் அதற்குப்பின் அந்தப் பக்கம் வரவேயில்லை. பலருக்கு விஷயமே புரியவில்லை. மருத்துவமனையிலிருந்து பதில் வரும்வரை மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள். பதில் நல்லபடியாக வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, நியமனம் தொடர்கிறது என்று.

அவள் விமானம் ஏறிய பிறகு, ஒருநாள் நான் கடையில் இருந்தபோது அம்மா மட்டும் வந்தார். கையில் மகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன புதுப் போன்.

"வீடியோல பேசணும்னா மெயில் ஐடி கேக்குதாம்ண்ணா. போட்டுக் குடு. பாஸ்வேர்டும் நீயே வெச்சிக்க, எனக்கு எங்க நெனப்புல நிக்கும்?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பெயரையும் மற்ற விவரங்களையும் நிரப்பினார். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் போனை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

"நீயே வெய்யம்மா. மறந்துட்டா வா, எத்தன தடவ ஆனாலும் புதுசாப் போட்டுத் தர்றேன். ஆனா எங்கிட்ட சொல்லாத."

அந்த அம்மா சிரித்தார். பிறகு ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தத் தொடங்கினார். மாமா அவசரமாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பினார். "ஆச்சிண்ணா" என்று அந்த அம்மா தோளைத் தொடும்வரை அப்படியே நின்றார்.