யாருடையதோ ஒரு நம்பர்

என் மகன் கோபித்துக்கொண்டு பெங்களூருக்குப் போனதும் முதலில் என் நம்பரை பிளாக் செய்தான். அடுத்து அவன் அம்மாவின் நம்பரை. தங்கை கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுக்கமாட்டான். ஆரியசாலைக் கடைத்தெருவில் நான் பில் எழுதுகிற மொத்த மளிகைக் கடையில், முதலாளியிடம் கெஞ்சி அவனுக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். வற்றல் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே கொஞ்ச நாள் உட்கார்ந்தான். பிறகு வரமாட்டேன் என்றான். ஒரு வார்த்தை அவன் சொன்னான், ஒரு வார்த்தை நான் சொன்னேன். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். எங்கள் வீட்டில் அதோடு பேச்சே நின்றுபோயிற்று.

எங்கே தங்கியிருக்கிறான், என்ன வேலை, உடம்பு எப்படி, ஒன்றும் தெரியாது. காலையில் பத்மநாபனைத் தொழுதுவிட்டுத்தான் நான் கடைக்குப் போவது. முன்பெல்லாம் அங்கே நிற்கும்போது கேட்க எத்தனையோ இருக்கும். இப்போது ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. பிள்ளை நல்லா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், பெருமாளே.

வழி கண்டுபிடித்தது மகள்.

"அப்பா, அண்ணன் அந்தத் துப்பாக்கி வெடி வைக்கிற கேம் இப்பவும் விளையாடுறான், கேட்டோ. நேத்து என் ஐடில பாத்தேன், பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இருந்துச்சு. என்னைப் பாத்ததும் அதுலயும் பிளாக் பண்ணிட்டான்."

"அப்ப நான் போறேன். எனக்கு ஒண்ணு திறந்து கொடு."

"உங்க நம்பரைப் போட்டா, இவரு உங்க அப்பாதான்னு அதுவே அவனுக்குக் காட்டிக் கொடுத்துரும். வேற நம்பர் வேணும்."

புது சிம் வாங்கவேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நெட்டில் சும்மா கிடைக்கும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றாள். அவள் திறந்து காட்டிய பக்கத்தில் எந்தெந்த நாட்டு நம்பரெல்லாமோ கிடந்தன. ஒன்றைத் தொட்டால் அதற்கு வந்த செய்தி எல்லாம் தெரிகிறது. யாருக்கோ வந்த ரகசிய எண், இன்னும் யாருக்கோ வந்த எண். அடுத்த வீட்டுத் தபாலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. சத்திரத்துப் பாய்தான் அது. நேற்று யார் படுத்தார்கள், நாளைக்கு யார் படுப்பார்கள் என்று கேட்க முடியாது. முதலில் போட்ட சில நம்பர்களை கேம் ஏற்கவில்லை. கடைசியில் ஒன்று ஏறியது. எங்களுக்கான எண்ணும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்து விழுந்தது.

அதற்குள் அம்மா கூப்பிட்டாள் என்று மகள் அடுக்களைக்குப் போனாள். திரையில் பெயர் கேட்டு ஒரு காலிக் கட்டம் நின்றது. புதுக் காகிதம் எதில் கைவைத்தாலும் தலைப்பில் குலதெய்வத்தின் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றது எழுதுவேன். என் அப்பா அப்படி, அவர் அப்பாவும் அப்படி. காலிக் கட்டத்தைப் பார்த்ததும் விரல் தானாகப் போயிற்று. திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளக்கரையில் இருக்கிற சாமி. பங்காளிகளைத் தவிர வெளியில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

மகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அய்யே அப்பா, இது கேமுக்கு உள்ள பேரு. கடை பில்லுன்னு நினைச்சியளா? இனி உடனே மாத்த விடாது. சாரமில்ல, கிடக்கட்டும்."

அதன் வினை முதல் நாளே தெரிந்தது. களத்தில் இறங்கியதும் எவனோ என்னைச் சுட்டான். இன்னார் இன்னாரைக் கொன்றார் என்று திரையில் ஒரு வரி வந்தது. எங்கள் சாமியைக் கொன்றதாக. போனைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான் அனுப்பிய நட்பு அழைப்பை மகன் அடுத்த நாள் ஏற்றான். அதன் பிறகு சாயங்காலம் விளக்கேற்றி நாமம் சொல்லி முடித்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் போனோடு உட்கார்ந்துவிடுவேன். என் மைக்கை மகள் அடைத்து வைத்திருந்தாள். அவன் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கும். நாள் முழுக்கக் கடையில் நின்ற காலோடு, கண் எரிய எரிய, ஒரு புல் பரப்பில் ஒளிந்துகொண்டு பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவியும் பின்னால் வந்து நின்று கேட்பாள்.

"அண்ணாச்சி, துப்பாக்கிய நீட்டிப் பிடிங்க. அது என்ன அகப்பையா?" என்பான். எனக்குத்தான் சொல்கிறான். நான் அடிபட்டு விழுந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து தூக்கிவிடுவான். விழுந்தவனைக் கூட்டாளி தூக்கிவிட அதில் இடமிருக்கிறது.

ஒருநாள் அவன் கூட்டாளி சலித்துக்கொண்டான். "விடுடா, இவனத் தூக்கித் தூக்கியே நாம சாகுறோம்."

"இருக்கட்டும்ல. வயசான ஆளு."

என் வயது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. குரல் கேட்டதே போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கேம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. உள்ளே விட மறுபடியும் ரகசிய எண் கேட்டது. அந்த எண்ணை அந்தப் பழைய நம்பருக்கு அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னது. மகள் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தேடினாள். நம்பரே அங்கே இல்லை. வேறொன்று எடுத்துப் புதிதாகத் திறக்கலாம் என்று நாலைந்து போட்டுப் பார்த்தாள். எல்லாம் முன்பே யாரோ எடுத்துக்கொண்டதாம்.

"போதும், மக்களே" என்றேன். எனக்கும் முடியவில்லை. பொய்யான நம்பரில் போய் நின்றேன், பெருமாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். சாயங்காலம் நாமம் சொல்லிவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். சாமிக்கு முன்னாலும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. போவேன், நிற்பேன், வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளின் போன் அடித்தது. எடுத்தவள் சட்டென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, அப்பாவுக்கு மேலுக்கு முடியலையா?"

அவன்தான்.

"ஒண்ணுமில்லையே. யாரு சொன்னா?"

"பின்ன ஏன் கேம்ல ஆளையே காணோம்?"

மகள் என்னைப் பார்த்தாள். "அது அப்பான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரிக்வெஸ்ட் வந்த அன்னைக்கே தெரியும். அந்தச் சாமி பேர வச்சுக்கிட்டுத் துப்பாக்கியோட வேற எவன் வருவான்?"

போனை வாங்கினேன். என்னென்னவோ சொல்லவேண்டும் என்று இத்தனை நாளாக வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

"இருக்கேம்ல. நம்பர் போச்சு. உள்ள விடமாட்டேங்குது."

"எந்த நம்பரு?"

"நெட்டுல எடுத்தது. யாருடையதோ."

"உங்க நம்பரையே போட வேண்டியதுதானே?"

"நீ பிளாக் பண்ணியிருந்த."

 

"எடுத்துவிடுறேன். ரெண்டு பேரு நம்பரையும். கடைக்கு வா, ஊருக்கு வான்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க."

"ஆரம்பிக்கல."

"சரி, வைக்கிறேன். சாப்பிடப் போறேன்."

மனைவி பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "என்ன சொன்னான்? எங்க இருக்கானாம்? வேலை ஏதும் கிடைச்சுதாமா?"

ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அவளுடைய போனை எடுத்து அவளிடமே நீட்டினேன். "இனி உன் நம்பர்லயே போகும். நீயே கேளு."

புடவையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.