தங்கச்சி வீட்டுத் தண்ணி

எனக்கு என் தங்கச்சி மேல் பொறாமை. நகைக்கோ புடவைக்கோ இல்லை. தண்ணிக்கு.

கல்யாணமாகி பஞ்சாப் போனவள் அவள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ரயில்வேயில் வேலை. ஊரை ஒட்டியே ஆறு, இமயமலைப் பனி உருகி வருவது. நான் செம்பாக்கத்தில். மே மாதம் வந்தால் எங்கள் கிணறு பல்லை இளித்துவிடும். லாரித் தண்ணிக்கு போன் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். லாரிக்காரர் விடிந்ததிலிருந்து “வந்துகினே கீறேன்க்கா” என்பார். அந்த நேரம் பார்த்துத்தான் இவள் வீடியோ கால் போடுவாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஹோஸ். சிமெண்ட் வாசலைக் கழுவிக்கொண்டே, என்னக்கா சமையல் என்பாள். அரிசி களைந்த தண்ணியைக்கூட நான் செடிக்கு எடுத்துவைக்கிறேன், இந்தப் பாவி சிமெண்டைக் குளிப்பாட்டுகிறாளே என்று வயிறு எரியும்.

எங்கள் தெருவில் யார் புதுசாகக் குடிவந்தாலும் முதல் கேள்வி, போர் எத்தனை அடி என்பதுதான். எந்த ஊர், எந்தச் சர்ச் என்பதெல்லாம் அப்புறம். அவளிடமும் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று பேச்சை மாற்றிவிடுவாள். ஆத்தங்கரைக்காரிக்கு அடிக்கணக்கு எதற்கு என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

போன கோடையில் முடிவே பண்ணிவிட்டேன். வீட்டை விற்றுவிட்டு அவள் ஊருக்கே போய்விடுவது. ரிட்டையரான ரெண்டு வாத்தியார்கள் எங்கே இருந்தால் என்ன? என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. நான் விடுவேனா? குரோம்பேட்டைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்தார், பிடித்துப்போய்விட்டது. கிறிஸ்துமஸ் கழித்து அட்வான்ஸ் தருகிறேன் என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சி வந்தாள். விஷயத்தை நேரில் சொல்லலாம் என்று அதுவரை மூச்சு விடவில்லை. மழை கொட்டித் தீர்த்து, ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணி நின்று அப்போதுதான் வடிந்திருந்தது. வீட்டுக்குள் சேற்று நாற்றம் போகவில்லை. முகம் சுளிக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைப்பக்கம் போனாள். கிணறு தளும்பி நின்றது. கிணற்றடியில் இருந்த சொம்பை எடுத்து, குனிந்து அதாலேயே மொண்டாள். கிணற்றுக்குள்ளேயே ஊற்றிவிட்டு மறுபடி மொண்டாள். பார்த்தால் கண்ணெல்லாம் ஈரம்.

பிறகுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். அங்கே ஊரைச் சுற்றி நெல் வயல், வயலுக்கு வயல் மோட்டார். ஆறு பக்கத்தில் ஓடுகிறது, ஆனால் பூமிக்கு அடியில் இருந்ததை உறிஞ்சித் தீர்த்துவிட்டார்கள். இவர்களும் போரை இறக்கி இறக்கிப் பார்த்து, இந்த வருஷம் வெறும் மண்தான் வந்ததாம். முனிசிபாலிட்டி குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வருமாம். எனக்கு வீடியோ கால் போடுவதே அப்போதுதானாம்.

ஏன்டி இப்படி என்றேன்.

“சொந்த வீடு, சொந்த ஊர், நம்ம பாஷை பேசுற தெரு, எல்லாம் உனக்குக் கிடைச்சுது. பீத்திக்க எனக்கு அந்தத் தண்ணி ஒண்ணுதான்க்கா இருந்துது.”

இங்கே ஒரு மழை பெய்தால் கிணற்றில் தண்ணி ஏறிவிடுகிறது, அங்கே இறங்கினது இறங்கினதுதான் என்றாள். தன் வீட்டுக்காரர் ரிட்டையரானதும் உங்கள் மாடியில் வந்து இருந்துகொள்ளலாமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

பாவம் என்றுதானே தோன்றவேண்டும்? தோன்றவில்லை. என் கிணறு என்றுதான் தோன்றியது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தும் அதை என்னுடையது என்று நான் நினைத்ததே இல்லை. அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

“தாராளமா வா. ஆனா மோட்டார் ஸ்விட்ச்ல நான் மட்டும்தான் கை வைப்பேன்.”