ருசி பார்க்காத கஞ்சி

என் மனைவி அற்புதமேரிக்குச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன். சுவா சூ காங் பள்ளி கேண்டீனில் அவள் போடும் மீ கோரெங் நூடுல்ஸுக்குப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அவளுடைய பெரிய வெள்ளிக் கஞ்சி இருக்கிறதே, அடேயப்பா! துளி உப்பு இருக்காது.

அன்று அவள் ஒருசந்தி. கோயில் வழிபாடு முடியும்வரை எதையும் நாக்கில் வைக்க மாட்டாள். உப்புக் கூடிப்போகுமோ என்று பயந்து பயந்து போடுவாள். என்னையும் ருசி பார்க்க விட மாட்டாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. கோயில்ல உப்பைப் பத்தி அத்தனை பிரசங்கம் கேக்குறே, கஞ்சிக்குக் கொஞ்சம் போடக்கூடாதா மேரி?"

"சும்மா இருங்க லா. பசிச்சவங்க வாயில படறதுக்கு முன்னாடி நம்ம வாயில படக்கூடாது."

பசித்தவர்கள் என்றால் கிராஞ்சியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒரு பெரிய வெள்ளியன்று அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது மருதப்பன் என்பவனைப் பார்த்திருக்கிறாள். வேலையில் கால் முறிந்து, கட்டோடு உட்கார்ந்திருந்தவன், புளித்துப்போன சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு அப்படியே மூடிவிட்டானாம். புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, எங்களுக்கென்று வைத்திருந்த கஞ்சிப் பானையைத் தூக்கினாள்.

"வேனை எடுங்க. அவன் பட்டினி கிடக்க, நான் ஒருசந்தி இருந்து யாருக்கு லாபம்?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நான் முணுமுணுத்துக்கொண்டே வேன் ஓட்டினேன். மருதப்பனும் அவன் கூட்டாளிகளும் அக்கா கஞ்சி வருகிறது என்றால் ஆளுக்கொரு உப்புப் பொட்டலத்தோடு தயாராக நிற்பார்கள். அவளைக் கேலி செய்துகொண்டே போட்டுக் கலக்குவார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று!

இந்த ஜனவரியில் நெஞ்சுவலி வந்து அவள் போய்விட்டாள். பெரிய வெள்ளி வந்தது. அவளோடு கஞ்சியும் நின்றுவிடுமோ என்ற பயம்தான் என்னை அடுப்படிக்குத் தள்ளியது. அவள் பேர் கெட்டுவிடக் கூடாது. தேக்கா சந்தையில் பாசிப்பருப்பு வாங்கினேன். அவளுடைய குவளையிலேயே அரிசி அளந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றி, உப்புப் போட்டு ருசி பார்த்தேன். இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். கச்சிதம்! "பாத்தியா மேரி, இதுதான் கஞ்சி" என்று அவள் படத்தைப் பார்த்துச் சவடால் வேறு விட்டேன்.

கிராஞ்சியில் எல்லோரும் காத்திருந்தார்கள். மருதப்பனுக்குக் கால் எப்போதோ கூடிவிட்டது, இப்போது பக்கத்து நாற்றுப்பண்ணையில் வேலை. முதல் கிண்ணத்தை வாங்கியவன், பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான்.

"அண்ணே... உப்பு சரியா இருக்கே."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். ஒருவரும் உப்பை எடுக்கவில்லை.

அடக்கத்தன்று கல்லாக நின்றவன் நான். கிராஞ்சியில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மருதப்பன் வந்து என் தோளைப் பிடித்தான். "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அடுத்த வருசம் ருசி பாக்காதீங்கண்ணே. உப்பு நாங்க கொண்டாறோம்."