இரண்டாவது சரணம்

பாசிர் கூடாங் போகும் தொழிற்சாலைப் பேருந்தில்தான் எனக்கு அது உறைத்தது. காலை ஷிப்டு. வானொலியில் ஒரு பழைய சோகப்பாட்டு. அரைத்தூக்கத்தில் இருந்த பேருந்தே பல்லவியை முணுமுணுத்தது, முதல் சரணத்தையும் விடவில்லை. இரண்டாவது சரணம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வரிகள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

பின்னிருக்கை அண்ணன் மட்டும் கடைசிவரை பாடினார். எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவில் இருப்பவர். சனிக்கிழமைகளில் கல்யாண டின்னர்களில் பாடும் குழுவில் மெதுவான பாட்டெல்லாம் அவருடையது.

"டின்னர்ல ரெண்டாவது சரணம் கெடையாது தங்கச்சி," என்றார். "சாப்பாடு வந்துரும்லா. பாஸ் விரல சுத்துவாரு, நாம முடிச்சிரணும்."

பாஸ் என்றால் அவர்கள் குழுத் தலைவர்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தப் பாட்டுகளை நாங்கள் கேட்டு வளர்ந்ததே டின்னர் மேசைகளில்தான். பாதிப் பாட்டைத்தான் முழுப்பாட்டு என்று நினைத்திருக்கிறோம். மெதுவான பாட்டு பாடும் ஆண்களைப் பற்றித் துணுக்குகள் சேர்ப்பது என் பைத்தியம். ஸ்கூடாயில் கரண்டு போனபோது மைக் இல்லாமல் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடியவர் ஒருவர். தம்போயில் இன்னொருவர் பிரிவுப் பாட்டைத் தொடங்கிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா முறைத்ததும் அதே மெட்டில் வாழ்த்துப் பாடி முடித்தவர். கதை கேட்பவர்கள் சிரிப்பார்கள். இருவருமே முதல் சரணத்தோடு நிறுத்தியவர்கள்தான் என்பது எனக்கே அன்றுதான் தோன்றியது.

அக்காவின் கல்யாண டின்னருக்கு அண்ணனின் குழுவைத்தான் அமர்த்தியிருந்தோம். பேருந்தில் கேட்ட அந்தப் பாட்டை முழுதாகப் பாடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் தயங்கினார்.

"பாஸ் முன்னாடியே சொல்லிட்டாரு. இன்னொரு தடவ நேரத்த இழுத்தா வேற ஆளப் பாத்துக்குவேன்னு."

வீட்டில் சொன்னேன். அக்கா விடவில்லை. "என் டின்னர்டி. பொண்ணு கேக்குதுன்னு போய்ச் சொல்லு."

சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

டின்னர் இரவில், முதல் சரணம் முடியும்போதே சமையலறை வாசலில் தட்டுகளோடு பரிமாறுபவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். பாஸ் விரலைச் சுற்றினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது சரணத்தை எடுத்தார்.

"என்னலா, பாட்டு முடியவே மாட்டேங்குது? கோழி ஆறுது!" என்றார் எங்கள் மேசை மாமா.

"அலமாக், போச்சு, ஒங்க பஸ் அண்ணன் இன்னைக்குச் செத்தாரு," என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

மண்டபம் பேசிக்கொண்டே இருந்தது. மேடையில் அக்கா மட்டும் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனதால் ஆட்டப்பாட்டு ஒன்றை வெட்டினார்கள், பையன்கள் ஊளையிட்டார்கள். கடைசியில் ஒயர் சுற்றும்போது பாஸ் அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க."

திங்கட்கிழமை பேருந்தில் அண்ணன்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பாடுனேன்ல?"

"பாடுனீங்கண்ணே."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"அக்கா கேட்டாங்க."

"ஒரு ஆளு. சரி." ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெளியே புகைபோக்கிகள் போய்க்கொண்டே இருந்தன.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை இல்லை. பேருந்தில் பாட்டு வந்தாலும் பாடுவதில்லை.

ஆனால் டின்னர் தொடங்குமுன் மைக் சரிபார்ப்பார்கள். அப்போது மேசைகள் காலி, அடுப்பிலிருந்து எதுவும் வந்திருக்காது, யாராவது நீளமாகப் பாடியே ஆகவேண்டும். மற்ற பாடகர்கள் அதற்கு நேரத்தோடு வருவதே இல்லை என்று அண்ணனே முன்பு குறைப்பட்டிருக்கிறார். இன்று ஷிப்டு முடிந்ததும் பாஸைப் போய்ப் பார்க்கப்போகிறேன், மைக் சரிபார்க்கவாவது அவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்க. பாஸ் சரி என்றால் மட்டும் அண்ணனிடம் சொல்வேன். அக்காவிடம் சொல்லியாயிற்று. அவர் பாடும் நாளில் சீக்கிரமே வந்து காலி மண்டபத்தில் உட்காருகிறேன் என்றிருக்கிறாள்.