ராகுகாலம் கழிந்து வந்த முடிவுகள்

றூபன் அண்ணை யாழ்ப்பாண நகரில் ஒரு சின்னக் கணினி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறார். ஓர் ஆய்வுகூடத்தின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் கைபேசிக்கு அனுப்பும் நிரல் அவருடையது. அது அடிக்கடி ஆய்வுகூடக் கணினியிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கும். மூன்று கிளைகளின் முடிவுகளும் வரிசையில்லாமல் கலைந்து வரும். அதனால் வந்தவற்றுள் ஆகப் பிந்திய நேரத்தைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதற்குப் பிறகுள்ளதை மட்டும் கேட்கும்படி எழுதியிருந்தார்.

ஒரு புதன்கிழமை உடுப்பிட்டியிலிருந்து பராசக்தி என்ற அம்மா அவருக்கு அழைத்தார்.

"தம்பி, என்ரை றிப்போட் இன்னும் வரேல்லை."

"முடிவு வந்தால் உடனை மெசேஜ் வரும், அம்மா."

"உதைத்தானே திங்களும் சொன்னனீங்கள். றிப்போட் இல்லையெண்டு ஒப்பரேசனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டினம். எனக்கு நோ தாங்கேலாமல் கிடக்கு."

றூபன் அண்ணை தேடிப் பார்த்தார். முடிவு வெள்ளிக்கிழமையே ஆய்வுகூடக் கணினியில் இருந்தது. அது வந்த கிளையில் முடிவுகளைப் பதியும் நடராசாவுக்கு அழைத்தார்.

"மெசின் பதினொரு மணிக்கே தந்திட்டுது, தம்பி. நான் ராகுகாலம் கழிச்சுத்தான் கொம்பியூட்டரிலை ஏத்துறனான். ஆனால் போடுற நேரம் மெசினிலை உள்ளதுதான். பொய் போடக்கூடாதெல்லோ."

"ஒவ்வொரு நாளுமோ, அண்ணை?"

"ராகு ஒவ்வொரு நாளும்தானே வருது. வேதக்காரருக்கு மட்டும் லீவோ?"

கிறிஸ்தவரான றூபன் அண்ணை அந்தப் பகிடிக்குச் சிரிக்கவில்லை. நடராசா பதிவதற்குள் மற்றக் கிளைகளின் முடிவுகளைப் பார்த்து நிரல் பதினொரு மணியைத் தாண்டிவிட்டிருந்தது. பிறகு அது திரும்பிப் பார்க்கவில்லை. பராசக்தியோடு இன்னும் பலர் இப்படி விடுபட்டிருந்தார்கள்.

பின்னேரம் வரை இருந்து நிரலை மாற்றினார். இனி ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பின்னுக்குப் போய்க் கேட்கும். அனுப்பியவற்றின் இலக்கங்களை நினைவில் வைத்து அவற்றை மட்டும் விலக்கும். விடுபட்ட முடிவுகளையும் தேடி அனுப்பினார். ஆனாலும் தள்ளிப்போன திகதி தள்ளிப்போனதுதான்.

"இன்ரநெற் பிரச்சினையெண்டு சொல்லிவிடும்," என்றார் முதலாளி.

றூபன் அண்ணை பராசக்திக்கு அழைத்தார். "பிழை எங்கடை, அம்மா."

"உதை எனக்குச் சொல்லி என்ன? டொக்டருக்குச் சொல்லுவியளோ?"

றூபன் அண்ணை நாட்காட்டியைப் பார்த்தார். "ஓம், வாறன்."

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு பராசக்தியோடு கிளினிக் வரிசையில் நின்றிருக்கிறார். மத்தியானம் களைத்துப்போய் அலுவலகத்துக்கு வந்தார்.

"திகதி தந்தவையோ, அண்ணை?"

"ரெண்டு கிழமையிலை ஒப்பரேசன். நல்லாப் பேச்சு வாங்கினதுக்குப் பிறகு."

கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். நான் பிளேன்ரீ ஊற்றப் போனேன்.