பற்பசை பூசிய கூலர்

ஒப்புநோக்கும் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க என் மேசையில் ஓர் அலுமினியக் கட்டியை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மேலே சீப்புப் பற்கள்போலத் தகடுகள். புரட்டினால், சுண்ணாம்பு காய்ந்ததுபோல வெள்ளைப் படலம். என்ன இது என்று கேட்பவர்களிடம், கணினியின் புரொசசருக்கு மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் கூலர் என்பேன். அந்த வெள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது பற்பசை. என் முதலாளி தன் கையால் பூசியது.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், இணுவிலில் அவருடைய அச்சகத்தில் நான் கணினியில் பக்கம் அமைப்பவள். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்தாலும் எங்களுக்குப் பெயர் தந்தது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முன்பக்கம் படம், உள்ளே தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. நாள் தவறினால் அந்தப் புத்தகத்துக்குப் பொருளே இல்லை. “கல்வெட்டிலை பிழை விட்டால் செத்தவர் வந்து திருத்தப் போறேல்லை, கவனமாப் பார் பிள்ளை,” என்பார் முதலாளி. ஆனால் வரலாற்றுப் பகுதிக்கு அவரிடம் ஆயத்தமாக ஒரு வார்ப்பு இருந்தது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். எங்கள் கல்வெட்டுகளில் இறந்த ஆண்கள் எல்லோருமே பொறுமைசாலிகள், இன்முகம் காட்டியவர்கள்.

முதலாளி மட்டும் பொறுமைசாலி அல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை. ஒன்று இல்லையென்றால் அது வரும்வரை காத்திருப்பது அவருக்கு ஒருவகைத் தோல்வி. “இருக்கிறதைக் கொண்டு ஓட்டுவம், பிறகு பாப்பம்,” என்பார். அந்தப் ‘பிறகு’ வந்ததை நான் பார்த்ததில்லை. இறக்குமதியெல்லாம் நின்றுபோன வருடம் கணினியைத் தூசு தட்டக் கழற்றினார். கூலருக்கும் புரொசசருக்கும் இடையில் பூசும் பசை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பற்பசையைக் கொண்டுவந்து பூசி மூடினார். கணினியும் ஓடியது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வருடம் மாரடைப்பில் அவர் போனார். அவருடைய கல்வெட்டை அமைக்க உட்கார்ந்தபோது கணினி சூடேறிச் சில நிமிடங்களில் தானாக அணைந்தது. திரும்பப் போட்டால் திரும்ப அணைந்தது. பழைய எழுத்துருக்களும் மென்பொருளும் அதில்தான் இருந்தன. கோப்பை வேறு கணினியில் திறந்தால் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வேறு அச்சகத்தில் கொடுக்கலாமே என்று அவருடைய மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

“ஊருக்கெல்லாம் கல்வெட்டு அடிச்ச மனுசனுக்குத் தன்ரை அச்சகத்திலை அடிக்கக் குடுத்து வைக்கேல்லையெண்டு சனம் கதைக்கட்டும் எண்டுறியே?” என்றார்.

அதற்குமேல் பேச இடமில்லை. காய்ந்துபோன பற்பசை சூட்டைக் கடத்தவில்லை என்று புரிந்தது; யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் புதுப் பசையும் புதுக் கூலரும் வாங்கிவந்தேன். பழையதன் பூட்டைத் திறந்தும் அது அசையவில்லை. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். “இழுக்காதேங்கோ. கூலரோடை புரொசசரும் வந்து அதின்ரை ஊசிக் கால் எல்லாம் வளைஞ்சிடும். ஓடவிட்டுச் சூடாக்கிப்போட்டு, நிப்பாட்டித் திருப்புங்கோ,” என்றார். திருப்பினேன். பற்பசை சூட்டில் இளகுகிற சாமான் அல்லவே. சிமெந்துபோல இறுகியிருந்தது. எனக்கு முதலாளிமேல் நல்ல கோபம் வந்தது. போன மனிதர்மேல் கோபப்படுவதைப்போல வீண்வேலை வேறில்லை, ஆனாலும் வந்தது.

புத்தகம் கட்டும் நூல் கையெட்டும் இடத்தில் இருந்தது. மின் இணைப்பைக் கழற்றிப் பெட்டியைப் படுக்க வைத்து, நூலை ஸ்பிரிட்டில் நனைத்து, கூலரின் மூலையில் தெரிந்த மெல்லிய இடுக்கில் நுழைத்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன், வேலை எதுவரை வந்தது என்று பார்க்க வந்திருந்த முதலாளியின் மனைவி மறுமுனையைப் பிடித்தார். வாள் இழுப்பதுபோல இருவரும் மாறிமாறி இழுத்தோம். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இரண்டு தரம் நூல் அறுந்தது. “உந்த மனுசன் போயும் எங்களை நிம்மதியா இருக்க விடுறேல்லை,” என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். மூன்றாவது நூலில் கூலர் சின்னச் சத்தத்துடன் கழன்று என் கைக்கு வந்தது. புரொசசர் தன் இடத்திலேயே இருந்தது. அவர் அப்போதுதான் அழுதார்.

புதுப் பசை பூசிப் புதுக் கூலரைப் பூட்டியதும் கணினி அணையாமல் ஓடியது. வார்ப்பில் முதலாளியின் பெயரைப் போட்டு அச்செடுத்து அவர் மனைவியிடம் கொடுத்தேன். பாதியில் நிறுத்தினார்.

“பொறுமைசாலியோ? ஆர்? உந்தச் சொல்லை எடு பிள்ளை. பொறுமை இருந்திருந்தால் பல்லுத் தீட்டுற பசையை ஏன் உதுக்குள்ளை பூசுறார்?”

“அப்ப என்ன போடுறது, அன்ரி?”

அவர் சொன்னதை எழுத்துநடைக்கு மாற்றி அமைத்தேன்: ‘இல்லாததற்காகக் காத்திராமல், இருப்பதைக் கொண்டு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டியவர்.’ கல்வெட்டு அந்தியேட்டிக்கு முதல்நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரேயொருவருக்கு மட்டும் பொருந்திய முதல் வசனம் அதுதான்.

சென்ற வாரம் அச்சுவேலியிலிருந்து ஒருவர் தகப்பனின் கல்வெட்டுக்காக வந்தார். முதலாளியின் புத்தகத்தை விரித்து, “எங்கடை அப்பாவுக்கும் உந்த வசனத்தையே போடுங்கோ,” என்றார். போட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

“உங்கடை அப்பா எதைக் கொண்டு எதை ஓட்டினவர்?” என்று கேட்டேன்.

திகைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சைக்கிளுக்கு ரியூப் இல்லாத காலத்திலை ரயருக்குள்ளை வைக்கலை அடைஞ்சு ஓடினவர். என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும் அதிலைதான்.”

கூலரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தேன். “சொல்லுங்கோ,” என்றேன்.